ரேபாதியின் தாடை

கண்ணாடி முன் நின்று ரேபாதி வாய்க்குள் விரல்களை அடுக்குவார். ஆள்காட்டி விரல் போகும், நடுவிரல் போகும், மூன்றாவது விரல் வாசலிலேயே நின்றுவிடும். உடனே பால்கனிக்கு வந்து எதிர்வீட்டுக்காரியான எனக்கு அறிக்கை: "இன்னிக்கு ரெண்டேகால்!" எங்கள் ஷியாம்பஜார் சந்தில் நான்கு மாதம் இப்படித்தான் பொழுது விடிந்தது.

இந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் குலவையிட ரேபாதிதான் வேண்டும். அவர் ஆரம்பித்தால், அடுத்த சந்துக் கல்யாணக்காரர்கள் தங்கள் முகூர்த்தம் தவறிவிட்டதோ என்று பதறுவார்கள். அப்பேர்ப்பட்ட வாய், புளித்தண்ணீர் நிரம்பிய ஒரு பெரிய புச்காவை, அதாவது பானிபூரியை, உள்ளே தள்ளியபோது பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து காதோரம் வலி, மென்றால் 'டக்' என்று சத்தம். கணவர் தபேஷ் பாபு அந்தச் சத்தத்துக்கு இரண்டு நாள் கதவுத் தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டார்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"இந்த மனுஷனைக் கட்டி முப்பது வருஷமாச்சு. தூக்கத்துல மட்டும் கடிக்கிறேனேன்னு சந்தோஷப்படுங்க!"

வெந்நீர் ஒத்தடம், படுக்கும்போது பல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, குழைந்த கிச்சடி. கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே மடக்கிய கையை முட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டார், பேச்சைக் குறைக்கச் சொன்னதைத் தவிர. பல்லிடுக்கு வழியே வந்த திட்டு முன்னைவிடப் பயமாக இருந்தது என்பது தபேஷ் பாபுவின் வாக்குமூலம்.

வாய் சீக்கிரம் திறந்தாக வேண்டும் என்ற அவசரத்துக்குக் காரணம் மகள் ஜும்பாவின் கல்யாணம். பெற்ற தாய் மகள் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். "பார்க்கவே போறதில்ல, அப்புறம் எதுக்கு தீதி இந்தப் பாடு?" என்றேன்.

"கண்ணுக்குத்தானேடி தடை? குரல் கீழ போகலாமில்ல? அதுவும் போகலேன்னா, என் பொண்ணு கல்யாணத்துல நான் இல்லவே இல்ல."

பக்கத்து வீட்டு ஷிபானி ஆறுதலாக, "நான் இருக்கேனே, ரேபாதி" என்றாள்.

"நீ குலவை போட்டா மாப்பிள்ளை ஆம்புலன்ஸ்னு நெனச்சு வழிவிட்டுடுவான்!"

கல்யாணத்தன்று காலையிலும் மூன்றாவது விரல் பாதிதான் போனது. மறுபடி பிடித்துக்கொண்டால் ஊசிதான் என்று டாக்டர் மிரட்டியிருந்தார்.

அந்தி நேரம். வெற்றிலைகளால் முகத்தை மறைத்தபடி ஜும்பா மாப்பிள்ளை எதிரே மணையில் இருந்தாள். ஷிபானி கூட்டம் குலவையிட்டு ஓய்ந்தது. "இலையை எடும்மா, மாப்பிள்ளையைப் பாரு" என்றார் புரோகிதர். அவள் எடுக்கவில்லை. "லக்னம் போகுதும்மா!" என்று பதறினார். அப்போதும் எடுக்கவில்லை.

மாடியிலிருந்து ஒரு குலவை வந்தது. கரகரத்து, பாதியில் அறுந்து, மறுபடி எழுந்தது. பழைய குரலில் கால்வாசிகூட இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜும்பா வெற்றிலைகளை இறக்கினாள். எதிரே காத்திருந்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு, முதலில் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.