மணிக்குழியில் வில்மா ரென்னி

கோல்ஃப் பந்தைத் தரையில் வைத்ததும் வில்மா ரென்னி முதலில் காற்றைத் திட்டுவார். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடல் பக்கம் திரும்பி நின்று, "நேத்து ஒழுங்காத்தானே இருந்த, இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு?" என்று கேட்பார். காற்று பதில் சொல்லாது. வில்மாவும் அதை எதிர்பார்ப்பதில்லை; அவரோடு பேசுகிறவர்களுக்கு பதில் சொல்ல இடம் கிடைப்பதே அபூர்வம். பிறகு வாயில் கிடக்கும் புதினா மிட்டாயை இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு ஒரே வீச்சு. பந்து ஆளுயரத்துக்கு மேல் எழும்பாமல் காற்றுக்கு அடியில் நுழைந்து ஓடும். அந்த மிட்டாய்தான் அவருடைய கடைவாய்ப் பற்களைத் தின்றுவருகிறது என்று, ஊர்ப் பல் மருத்துவன் என்ற முறையில், பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே இன்னொன்றை வாயில் போட்டுக்கொள்வார்.

வில்மாவுக்குத் தொழில் முடி வெட்டுவது. வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, உறுமுகிற ஓர் உலர்த்தி. எழுபதைத் தாண்டியும் ஊரில் பாதித் தலைகள் அவர் கையில்தான் இருக்கின்றன. ஒரு வகையில் நாங்கள் இருவரும் ஒரே தொழில்காரர்கள். ஆளை உட்காரவைத்து நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறோம். என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் வாய் திறந்திருந்தாலும் பேச முடியாது. வில்மா மட்டும் பேசுவார். என் விரலும் கண்ணாடியும் உள்ளே இருக்கும்போதே மீன் விலையைப் பற்றியும் பாதிரியாரின் புது மனைவியைப் பற்றியும் பேசுவார், அது எனக்குப் புரியவும் செய்யும். வாயைத் திறவுங்கள் என்று நான் அவரிடம் கேட்டதே கிடையாது. கொஞ்சம் மூடுங்கள் என்றுதான் கெஞ்சியிருக்கிறேன்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேட்டுப் புல்வெளிதான் எங்கள் ஆட்டக்களம். ஸ்காட்லாந்தின் இந்தக் கிழக்குக் கரையில் இப்படிப்பட்ட இடத்தை லிங்க்ஸ் என்பார்கள். முந்நூறு வருஷத்துக்கும் மேலாக இங்கே கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று கிளப் சுவரில் எழுதியிருக்கிறது. ஆனாலும் இது ஊர்ப் பொதுநிலம். நாயோடு போகிறவர், கடற்பாசி அள்ளப் போகிறவர், குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறவர் என்று எல்லோரும் கடந்த பிறகுதான் நாம் அடிக்க வேண்டும். வெளியூரிலிருந்து ஆட வருகிற பெரிய மனிதர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வில்மா நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். அதன் சொந்தக்காரியின் தலைச்சாயம் எந்த மாதத்தில் அடித்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

அவருடைய மட்டைகள் பயணம் செய்வது ஒரு தள்ளுவண்டியின் சக்கரங்களில். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனை வைத்துத் தள்ளிய வண்டி அது. கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு அடிச்சட்டத்தில் பையைக் கட்டிவைத்திருக்கிறார். மகன் இப்போது அபர்டீன் நகரத்தில் வழுக்கைத் தலையோடு வேலை பார்க்கிறான். வண்டி இன்னும் கீச்சிடுகிறது. எண்ணெய் போடலாமே என்றால், "சத்தம் இல்லைன்னா அது பின்னாடி வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

இவ்வளவு பேசுகிற மனுஷி இரண்டு வருஷமாக ஒரே ஒருவரோடு மட்டும் பேசவில்லை. அது அவருடைய நாத்தனார் மொய்ரா. கணவர் அலெக்கின் அக்கா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்த்தையை வட்டிக்கு விட்டவர் மாதிரி அளந்துதான் பேசுவார்.

சண்டை நடந்த இடம் ஐந்தாவது குழி. மணிக்குழி என்று பெயர். பந்து அடிக்கும் மேடையில் நின்றால் எதிரே ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் வெள்ளையடித்த ஒரு கல். அதைத் தவிர ஒன்றும் தெரியாது. குழியும் கொடியும் மேட்டுக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் இருக்கின்றன. கல்லைக் குறிபார்த்து அடித்துவிட்டு, நல்லதே நடந்திருக்கும் என்று நம்பி மேடேற வேண்டும். முன்னால் ஆடுகிறவர்கள் முடித்து விலகியதும், அங்கே கம்பத்தில் தொங்கும் பழைய கப்பல் மணியை அடிப்பார்கள். அது கேட்ட பிறகுதான் பின்னால் வருகிறவர்கள் அடிக்கலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன், இலையுதிர்காலப் போட்டியில், மொய்ரா முன்னால் ஆடினார், வில்மா அடுத்த ஜோடியில் வந்தார். மேடையில் வில்மா காத்திருந்தார், காத்திருந்தார், மணி வரவில்லை. மணியடிக்க மறந்து போய்விட்டார்கள் என்று நினைத்து அடித்துவிட்டார். பந்து மொய்ராவின் தோளில் விழுந்தது. மொய்ரா சொன்னது வேறு. மணியை அடித்தாராம், வெகுநேரம் பந்து வராததால் பின்னால் யாருமில்லை என்று நினைத்து, மறந்து வைத்த கையுறையை எடுக்கக் குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்குத் திரும்பிப் போனாராம். அப்போதுதான் பட்டது.

"மணியே அடிக்கலை" என்றார் வில்மா. "அடிச்சேன். நீ பேசிக்கிட்டு இருந்திருப்ப" என்றார் மொய்ரா. தோளின் கன்றல் நாவல்பழ நிறத்திலிருந்து மஞ்சளாகி மறைந்தது. பேச்சு திரும்பவில்லை.

ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. வியாழக்கிழமை நாலு மணி என்பது வில்மாவின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த இருவருடைய நேரம். அதை விட்டுக்கொடுத்தால் மற்றவருக்கு வெற்றி. அதனால் கிளப் செயலாளர் என்னை மூன்றாவது ஆளாகச் சேர்த்துவிட்டார். ஆடக் கூப்பிடுகிறார்கள் என்று மகிழ்ந்து போனேன். போன பிறகுதான் அது தபால்காரர் உத்தியோகம் என்று தெரிந்தது.

"தயா கண்ணு, அந்தம்மாவைக் கொடியை எடுக்கச் சொல்லு" என்பார் வில்மா. அந்தம்மா ஒரு கை தூரத்தில் நிற்பார். "தயாநிதி, என் தம்பி பொண்டாட்டிகிட்ட அவ நிழல் என் பந்து மேல விழுதுன்னு சொல்லுங்க" என்பார் மொய்ரா. நான் சொல்வேன். நிழல் நகரும். அலெக் ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பிடுகிறார், இரவு மனைவி சமைத்ததைச் சாப்பிடுகிறார், இரண்டு வீட்டிலும் காதுக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறார். இவ்வளவு நிம்மதியான ஆளை நான் பார்த்ததில்லை.

சண்டைக்குப் பிறகு மொய்ரா பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் முடி வெட்டிக்கொண்டார். வில்மாவுக்கு அது பந்து பட்டதைவிடப் பெரிய அடி. "பின்னந்தலையைப் பாத்தியா? ஆடு மேய்ஞ்ச மாதிரி இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்று என் காதில் கிசுகிசுப்பார். அவர் கிசுகிசுத்தால் இரண்டாவது குழி வரை கேட்கும்.

போன வருஷம் மொய்ராவின் கண் மங்கத் தொடங்கியது. நடுவில் மட்டும் ஒரு புகை, ஓரங்கள் தெரியும். பந்தைப் பார்க்கக் கோழி மாதிரி தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்ப்பார். பார்த்துவிட்டால் பழைய வீச்சுத்தான், நேராகப் போகும். எங்கே போனது என்பதுதான் அவருக்குத் தெரியாது. இங்கேதான் நான் வில்மாவைப் புதிதாகப் பார்த்தேன். மொய்ரா அடிக்கும்போது வில்மா பேச்சை நிறுத்துவதில்லை, ஆனால் கண் மட்டும் அந்தப் பந்தோடு போகும். "தயா, மணற்குழிக்கு இந்தப் பக்கம், மஞ்சப் பூ புதருக்கு முன்னாடி. போய்ச் சொல்லு" என்பார். தன் பந்து எங்கே விழுந்தது என்பதைப் பல தடவை பார்க்காமலே விட்டுவிட்டு, பிறகு நெடும்புல்லில் கால்மணி நேரம் தேடுவார். தேடும்போது திட்டுவது என்னை.

மணிக்குழியில் மட்டும் இந்த ஏற்பாடு பலிக்கவில்லை. வெள்ளைக் கல் மொய்ராவின் புகைக்குள் மறைந்துவிட்டது. நான் பின்னால் நின்று வலம், இடம் என்று சொல்லிப் பார்த்தேன். வாராவாரம் பந்து முட்புதருக்குள் போனது.

சென்ற வாரம் ஆட்டம் முடிந்து கிளப்பில் தேநீர் குடிக்கும்போது மொய்ரா என்னிடம் சொன்னார், அடுத்த வியாழக்கிழமையோடு நிறுத்திக்கொள்வதாக. மற்றவர்கள் பந்து பொறுக்கித் தர ஆடுவது ஆட்டமல்ல என்றார். வீட்டில் வானொலி இருக்கிறதாம், போதுமாம். "என் தம்பி பொண்டாட்டிகிட்ட சொல்லிடுங்க" என்றார். வில்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர், ஏற்கெனவே தடவிய இடத்திலேயே திரும்பத் திரும்பத் தடவினார். வெளியே வந்து வண்டியை இழுத்தபடி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அவ வரலைன்னா நான் யாரைத் தயா ஜெயிக்கறது?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். என் ஆட்டம் எனக்கே தெரியுமாதலால் சொல்லவில்லை.

நேற்று அந்த வியாழக்கிழமை. காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்தது, தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நாலு குழியும் வில்மா காற்றைக்கூடத் திட்டாமல் ஆடினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஐந்தாவது மேடைக்கு வந்ததும் வில்மா என் பக்கம் திரும்பி, ஆனால் மொய்ராவுக்குக் கேட்கும்படி, ஒரு திட்டம் சொன்னார். தான் முன்னால் போய் அந்தப் பக்கத்து மணியை அடிக்கப்போவதாகவும், கல் தெரியாவிட்டால் போகட்டும், அந்தம்மா சத்தத்தைக் குறிவைத்து அடிக்க வேண்டும் என்றும், இதைத் தான் இரவெல்லாம் யோசித்ததாக அந்தம்மாவிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். மொய்ரா மறுக்கவில்லை. வண்டி கீச்சிட்டுக்கொண்டே மேடேறி அந்தப் பக்கம் இறங்கியது.

காத்திருந்தோம். மொய்ரா மட்டையைப் பிடித்துத் தலையைச் சாய்த்து நின்றார். எங்கள் முதுகில் காற்று இரைந்தது. கடற்காகங்கள் கத்தின. இன்னும் காத்திருந்தோம்.

"அடிச்சுட்டாளா?" என்று கேட்டார் மொய்ரா.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"சரி. இருப்போம்" என்றார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

கடைசியில் மேட்டு உச்சியில் வில்மாவின் தொப்பி தெரிந்தது, பிறகு சிவந்த முகம். "என்ன, ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா? அடிச்சு அடிச்சு என் கை கழண்டுபோச்சு" என்று அங்கிருந்தே கத்தினார். எதிர்க்காற்றில் அந்தக் குரலே எங்களிடம் கொஞ்சம் இளைத்துத்தான் வந்து சேர்ந்தது. நான் இரண்டு கையையும் விரித்து, "எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலை" என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

"கேக்கலையா?"

திரும்பி மணி இருக்கும் பக்கம் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி மணியைப் பார்த்தார். அந்தப் போட்டி நாளிலும் இதே காற்று அடித்தது என்பது ஊருக்கே தெரியும். மேட்டின்மேல் அவர் நின்ற நிற்பைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மொய்ராவின் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். அவரோ மட்டையின்மேல் சாய்ந்து, தனக்குத் தெரியாத அந்தக் கல்லின் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்மா மெதுவாக நடந்து வெள்ளைக் கல்லுக்கு வந்தார். பாவாடைக்கு மேல் மாட்டியிருந்த மழைக்கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார்.

"மொய்ரா" என்றார்.

தபால்காரருக்கு வேலை போன நிமிஷம் அது.

"மொய்ரா, நான் இங்கேயே நின்னு பேசிக்கிட்டே இருக்கேன். என் குரலைக் குறிவெச்சு அடி."

"எறங்கி ஓரமா நில்லு. பட்டுடும்."

"பட்டா படட்டும். எனக்கும் ஒண்ணு படணும்தான்."

மொய்ரா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். "பேச்சை நிறுத்தாத" என்றார். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் யாரும் வில்மாவிடம் அப்படிக் கேட்டதில்லை.

நிறுத்துவதாவது. சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்காரும்படியும், அந்தப் பின்னந்தலையோடு அடுத்த வியாழக்கிழமை தன் பக்கத்தில் நின்று ஆட முடியாது என்றும், ஊரார் தன்னைத்தான் குறை சொல்வார்கள் என்றும், அலெக் இந்த இரண்டு வருஷத்தில் இரண்டு வீட்டு இனிப்பையும் தின்று பெருத்துவிட்டார் என்றும், அதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றும் காற்றை எதிர்த்து வில்மா கத்திக்கொண்டிருந்தார். மொய்ரா தலையைச் சாய்த்துப் பந்தைப் பார்த்தார், நிமிர்ந்து குரலைக் கேட்டார், காலை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தார். வீசினார்.

பந்து உயரமாக எழுந்து, வில்மாவின் தொப்பிக்கு நேர்மேலே போய், மேட்டைத் தாண்டி மறைந்தது. வில்மா குனியக்கூட இல்லை. பாதி வாக்கியத்தில் வாயை இறுக மூடினார். அப்படியே கல்லின்மேல் கடல் பக்கமாகத் திரும்பி, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், அது விழும் சத்தத்துக்காகக் கேட்டுக்கொண்டு நின்றார்.