எந்த டிஸ்க் என்று கேட்காத புரோகிராம்

பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். முதலாளிக்கும் அக்காதான், ஏனென்றால் முதலாளி அவளுடைய சொந்தத் தம்பி. பஸ் நிலையங்களில் நிற்கிற டிக்கெட் மெஷின்களைச் செய்யும் பட்டறை அது. மெஷினுக்கு மின்சாரம் கொடுத்ததும், வேறு எதுவும் கண் விழிக்கும் முன்பு முதலில் எழுந்து ஓடுகிற சின்ன புரோகிராமை எழுதுவது அக்கா. அவள் மேசைக்கு மேலே, அவள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: ‘இந்த மெஷின்களில் யாரும் எதையும் சொருகக் கூடாது. முதலாளிக்கும் சேர்த்துத்தான்.’

அக்கா எந்தக் காலேஜ் வாசலையும் மிதித்தவள் இல்லை. பதினொரு வருஷம் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்த்தாள். அப்போதுதான் ஃபர்ம்வேர் என்கிற, மெஷினின் பலகையிலேயே பதிந்து வருகிற அடிப்படை மென்பொருளின் விதிமுறைப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாள். இரண்டாயிரத்துக்கு மேல் பக்கம். பிரிண்ட் எடுக்க வசதி இல்லை, ஆனால் ஊரிலுள்ள மெஷின்கள் எல்லாம் அவள் கையில் இருந்தன. எந்த ஆபீஸில் எந்தப் பழுதைச் சரிசெய்தாலும், மெஷின் ஓடுகிறதா என்று சோதிப்பதற்கு அந்தப் புத்தகத்தில் எண்பது பக்கம் எடுத்துப் பார்ப்பாள். இவ்வளவு சிரத்தையான மெக்கானிக்கைப் பார்த்ததில்லை என்று வக்கீல் ஆபீஸ் ஒன்றில் பாராட்டினார்கள். ஒன்றரை வருஷத்தில் புத்தகம் முழுவதும் வீடு வந்து சேர்ந்தது, ஏழு பாகமாக. வீட்டுக்காரர் அதில் மூன்றாம் பாகத்தைக் கட்டிலின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

அந்தப் புத்தகத்திலிருந்து அவள் கற்றதில் பாதி, ஒரு ஃபைலைத் திறப்பது எப்படி என்பதுதான். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மெஷின் கண் விழிக்கிற அந்த அதிகாலை நேரத்தில் உள்ளே ஃபைலைத் தேடித் தர ஆள் யாரும் இல்லை. முதலில் டிஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் தலைவாசலைத் திறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாதையைச் சொல்லலாம்: பின்சாய்கோடு, டேட்டா, பின்சாய்கோடு, ஸ்டாப்ஸ். பின்சாய்கோட்டுக்குப் பதிலாக முன்சாய்கோடு போட்டுவிட்டு அவள் பத்தொன்பது நாள் தலையால் தண்ணீர் குடித்தது தனிக்கதை. பஸ் நிறுத்தங்களின் பட்டியல் அந்த ஸ்டாப்ஸ் ஃபைலில் இருந்தது. அது திறக்கவில்லை என்றால் மெஷின் வெறும் தகரப் பெட்டி.

நாற்பது மெஷின்கள் தயாராகி வரிசையில் நின்றன. பஸ் கம்பெனியிலிருந்து பரிசோதகர் வருகிற அன்று காலை தம்பி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, இது மட்டும் திரும்பி வந்துச்சுன்னா, அடுத்த ஆர்டர்ல இருந்து புரோகிராம் வெளில வாங்கிக்கிறதா இருக்கேன். பேசியாச்சு.”

“அப்ப நான்?”

“நீ பேக்கிங் பாத்துக்கோ.”

“ஏழு பாகம் படிச்சவள அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்றியா? நல்லா இருடா.”

பரிசோதகர் வாட்டசாட்டமான மனிதர், பேச்சு மட்டும் பூனை மாதிரி. ஏதாவது மூன்று மெஷின்களைத் தேர்ந்தெடுப்பார், ஓடவிடுவார், கையெழுத்துப் போடுவார். முதலாவது எழுந்தது. இரண்டாவது எழுந்தது. மூன்றாவதை முடுக்கும் முன்பு, பதிவுகளை நகல் எடுக்கலாம் என்று தன் பென் டிரைவைச் சொருகினார். அக்காவின் கை அட்டையைக் காட்ட உயர்ந்தது. தம்பி முறைத்தான். கை இறங்கியது.

முடுக்கியதும் திரையில் ஒரே வரி: ஃபைல் இல்லை.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. பரிசோதகர் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி முடுக்கினார். சமர்த்தாக எழுந்தது. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“தப்பு என்னோடதுதாங்க. இது பழைய டிரைவு, என் பொண்ணு பாட்டு ஏத்தி வச்சிருக்கா. வைரஸ் கியிரஸ் இருக்கும்போல. விடுங்க, பாஸ் போட்டுடறேன்.”

“ஆமா சார், கண்டத சொருகினா எந்த மெஷின் தாங்கும்?” என்றான் தம்பி, உயிர் திரும்பியவனாக.

அக்காவுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. புரோகிராம் எழுதிய நாளில் மெஷினுக்குள் ஒரே டிஸ்க்தான். எந்த டிஸ்க் என்று கேட்பானேன் என்று, வரிசையில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டாள். பென் டிரைவும் ஒரு டிஸ்க்தான். அது வரிசையில் முன்னால் வந்து நின்றதும், புரோகிராம் அந்தப் பாட்டுக் குப்பைக்குள் போய் ஸ்டாப்ஸைத் தேடியிருக்கிறது. கதவு எண் சரி, தெருதான் வேறு. எழுதிப் பதினொரு மாதமாகியும் இது ஏன் வெளியே வரவில்லை? யாரையும் எதையும் சொருக விடவில்லை அல்லவா! புதுப் புரோகிராம் போடுவதற்குக்கூட டிஸ்க்கைக் கழற்றித் தன் மேசைக்குக் கொண்டுபோகிறவள் அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தது தன் தப்பைத்தான் என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பேக்கிங் ஞாபகம் வந்ததும் அது நின்றது.

பரிசோதகர் பேனாவின் மூடியைத் திறந்தார். தம்பி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான்.

“சார், உங்க டிரைவ்ல ஒண்ணும் இல்ல. தப்பு என் புரோகிராம்ல. பஸ் ஸ்டாண்டுல எவனாவது எதையாவது சொருகிட்டுப் போனா, மறுநாள் காலைல டிக்கெட் கிடைக்காது. என் கால மிதிக்காதடா, செருப்பு புதுசு.”

பரிசோதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ‘தேறவில்லை’ என்று எழுதி, எட்டு நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பி அன்றே கொண்டுவந்து வைத்த பேக்கிங் டேப் சுருளை அவள் காபி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டாள். திருத்தம் என்னவோ ஒன்பது வரிதான். ‘என்னை எந்த டிஸ்க்கிலிருந்து எடுத்து வந்தாய்?’ என்று புரோகிராம் ஃபர்ம்வேரிடம் கேட்க வேண்டும். சொல்கிற டிஸ்க்கின் தலைவாசலில் மட்டும் நுழைய வேண்டும். அவ்வளவே. இரண்டாம் பாகத்தில் அச்சடித்தே இருந்தது. பக்க ஓரத்தில் அவளே ‘முக்கியம்’ என்று பென்சிலில் எழுதியும் இருந்தாள். வரி அடிக்க ஒரு மணி நேரம். நாற்பது மெஷின்களிலும் வீட்டிலுள்ள, பக்கத்து வீட்டிலுள்ள, தம்பியின் டிராயரிலுள்ள எல்லா டிரைவையும் சொருகிப் பார்க்க ஏழு நாள்.

எட்டாம் நாள் பரிசோதகர் ஒரு பை நிறைய பென் டிரைவ்களோடு வந்தார். ஒன்று, இரண்டு, ஒரே மெஷினில் நான்கு. எல்லாம் எழுந்தன. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார்.

“இதுல உங்க பாதையையே அச்சு அசலா போட்டு வச்சிருக்கேன் மேடம். டேட்டா, ஸ்டாப்ஸ், எல்லாம். பட்டியல் மட்டும் என்னோடது.”

இதை அக்கா சோதித்துப் பார்த்திருக்கவில்லை. மெஷின் ஒரு கணம் பேய்முழி முழித்தது. பிறகு திரையில் நிறுத்தங்கள் வந்தன: மார்க்கெட், ஆஸ்பத்திரி, பாலம், ரயிலடி. அசல் பட்டியல்.

“உங்க பட்டியல்ல என்ன சார் இருந்துச்சு?”

“முப்பது ஸ்டாப்பும் ‘மாமியார் வீடு’.” அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த தம்பி, போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான். “இல்லீங்க, வெளில வாங்கல... எங்கக்கா ரொம்பக் கெஞ்சறாங்க, பாவம், அதான்...”

“நான் எப்படா கெஞ்சினேன்?” என்று இங்கிருந்து கத்தினாள் அக்கா. “போன ஸ்பீக்கர்ல போடு. நானே சொல்றேன்.”