அறுபது வயதில் கட்டும் வரி

திருச்செங்கோட்டில் நான் வரிக்கணக்கு எழுதிக்கொடுக்கும் மாடி அறைக்கு அவர் ஒரே ஒரு முறைதான் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைக்கும் போர்வெல் லாரியில் மேனேஜர். வயது ஐம்பதுக்குள் இருக்கும், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இருமும்போது துண்டால் வாயைப் பொத்துவார். பிறகு அதை விரித்து, ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

ஓய்வுக்காலத்துக்கு எதில் பணம் போடுவது என்று கேட்டார்.

"பென்ஷன் திட்டத்துல போட்டா இப்ப வரி குறையுங்க, அறுபது வயசுக்கு மேல பென்ஷன் வாங்கறப்ப கட்டோணும். பி.பி.எஃப். சேமிப்புல போட்டா, அதுக்கான சலுகைய உங்க எல்.ஐ.சி.யே முடிச்சிருச்சு, இப்ப வரி குறையாதுங்க, ஆனா கடைசியில வரியே இல்லை" என்றேன்.

"நடுவுல நான் போய்ட்டா என்னங்க ஆகும்?"

"ரெண்டுலயும் பணம் வரியில்லாம ஊட்டுக்கு வந்துருங்க."

அவர் முகம் தெளிந்தது. "அப்பப் பென்ஷனே எழுதுங்க சாமி. நெஞ்செல்லாம் கல்தூசின்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. பின்னால வர்ற வரிய நான் எங்கீங்க கட்டப்போறேன்? இப்ப மிச்சமாகறது புள்ள ஃபீஸுக்காச்சும் ஆகுமுங்க."

அவர் சொன்னது கணக்குப்படி சரி. பென்ஷன் படிவத்தை எடுத்து நிரப்பினேன்.

வரியிலிருந்து தப்ப வழி கேட்டுத்தான் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். அவர் மட்டும் அந்த வரியைக் கட்டும் நாள் வரை இருந்துவிட வேண்டும் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.