ஷேடு அண்ணன் கலக்கிய க்ரீம்

எங்கள் பெயிண்ட் கடையில் அவரை எல்லாரும் ஷேடு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய சுவரிலிருந்து நகத்தளவு பெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அதே நிறத்தை வாளியில் கலக்கி நீட்டிவிடுவார். நிறம் கலக்கும் மெஷின் வந்த பிறகும், மெஷின் கைவிரித்த நிறங்களெல்லாம் அவரிடம்தான் வரும். ஒரு வீட்டுக்காரர் பாதிச் சுவருக்கு மட்டும் மறுபடி அடிக்கச் சொல்லிவிட்டு, எந்தப் பாதி புதுசு என்று கண்டுபிடிக்க முடியாமல், வேலையே நடக்கவில்லை என்று பெயிண்டரோடு சண்டைக்குப் போன கதையைக் கடையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கடைசியில் அவர் வீட்டுக்கு வினையாக வந்தது.

அவர் மனைவி பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், தலையில் தொப்பி, எந்நேரமும் மைதானம். வீட்டில் குழந்தை இல்லை. அந்தக் குறையை அவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை; மைதானத்துப் பிள்ளைகளே போதும் என்று டீச்சர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரை வீட்டிலும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். "பேர் சொல்லிக் கூப்பிட்டா விசில் ஊதிடுவா" என்பார்.

டீச்சருக்கு ஒரு நோய் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் செக்கச்செவேலென்று தடிப்பு, மூட்டு மூட்டாக வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் என்றார் டாக்டரம்மா. வெயில்தான் இதற்கு முதல் எதிரி. மைதானத்தில் வளர்ந்தவர் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு நாள் முழுக்க அறைக்குள் கிடந்தார். பக்கத்துத் தெருவில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அண்ணன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார்.

மாத்திரை பிடித்து நோய் அடங்கிய பிறகு, டாக்டரம்மா ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார். முகத்தின் நிறத்திலேயே இருக்கும், டப்பாவில் வரும், வெயிலைத் தடுக்கும் க்ரீம்.

"காலையிலயும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் மைதானத்துக்குப் போலாம். முழுக்கைச் சட்டை, தொப்பி, இந்த க்ரீம். மூணுல ஒண்ணு இல்லன்னாலும் வெளியில கால் வைக்கக் கூடாது" என்றார்.

டீச்சர் அன்றைக்கே தன் ட்ராக் பேன்ட்டை எடுத்து இஸ்திரி போட்டார். மறுநாள் மைதானத்துப் புழுதியோடு வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் தன்னைத் தூக்கிச் சுற்றிய கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே அழுதார். அண்ணனும் அழுதார்.

எதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் விடுகிற ஆளில்லை அண்ணன். ஒரு விடுமுறை நாளில், பொழுது போகாமல், அந்த க்ரீம் வந்த அட்டைப்பெட்டியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளை பெயிண்டின் வெள்ளையே அதுதான். அடுத்தது ஸிங்க் ஆக்சைடு, முதல் பூச்சாக அடிக்கும் ப்ரைமரில் போடுவது. அதற்கடுத்து அயர்ன் ஆக்சைடு, இரும்பு கேட்டுக்கு அடிக்கும் சிவப்பு. அப்புறம் பெயிண்ட் காய்ந்து போகாமல் வைத்திருக்கும் க்ளைக்கால், கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் இன்னொன்று. வேறு பெயர்களும் இருந்தன. அவர் கண்ணில் பட்டதெல்லாம் அவர் கடைச் சரக்குதான்.

கடையில் முன்பு இதே தூள் மூட்டைகளைப் பிரிக்கிற வேலையில் ஒருவர் இருந்தார். முகத்தில் துணி கட்டு என்றால் கேட்க மாட்டார். இருமி இருமியே எலும்பும் தோலுமாகப் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதரின் முகம் இப்போது அண்ணனின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"டீச்சரம்மா, இதுல இருக்கறது அத்தனையும் பெயிண்ட்ல போடற சாமான்."

"அப்ப எனக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சு விடுங்க, மழையில கூட உரியாம இருப்பேன்" என்று சிரித்தார் டீச்சர். "டாக்டருக்குத் தெரியாதா? சும்மா இருங்க."

சும்மா இருந்திருக்கலாம். இல்லை, டாக்டரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெயிண்ட் கலக்குகிறவன் போய் டாக்டரிடம் மருந்தைப் பற்றிக் கேட்பதா என்று கூச்சம். கேட்கத்தான் கூச்சமே தவிர, தானே முடிவெடுக்க அந்த மனுஷருக்குக் கூச்சம் வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

டீச்சர் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் டப்பாவிலிருந்ததை வழித்து எறிந்தார். வாசனையில்லாத சாதாரணக் கோல்டு க்ரீம் வாங்கி வந்து, டீச்சரின் முகப்பவுடரில் கொஞ்சம் போட்டுக் குழைத்தார். நிறம் வந்தது; பதம் வரவில்லை. மறுபடி குழைத்தார். கடையில் எந்தச் சுவருக்கும் அவர் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. எல்லாம் சரியாக வந்ததும் மேலே விரலால் ஒரு சுழி போட்டு மூடி வைத்தார். பவுடர் டப்பாவின் பின்பக்கத்தை மட்டும் அவர் படிக்கவேயில்லை. அதே வெள்ளையும் அதே சிவப்பும் அதிலும் இருந்தன, வெயிலைத் தடுக்கப் போதாத அளவுக்கு.

புதுசு வாங்கும்போதெல்லாம் இதே வேலை நடந்தது. டீச்சருக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. பள்ளியில் விளையாட்டு விழா நெருங்கியது. காலையும் மாலையும் மட்டும் போய்க்கொண்டிருந்தவர், பயிற்சிக்கு நேரம் பற்றவில்லை என்று உச்சி வெயிலிலும் நிற்க ஆரம்பித்தார்.

"இவ்வளவு நேரம் நிக்கணுமா?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டார்.

"அதான் க்ரீம் இருக்கே" என்றார் டீச்சர்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நாள்பட நாள்பட, சொல்வது இன்னும் கஷ்டமாகத்தான் ஆனது.

விளையாட்டு விழா முடிந்த கையோடு டீச்சர் படுத்துவிட்டார். கன்னத்தில் பழையபடி சிவப்பு. கால் வீங்கி ஷூ நுழையவில்லை. சிறுநீரைப் பரிசோதித்த டாக்டரம்மா, நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்றார்.

"க்ரீமைத் தவறாமப் போட்டீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர். தொப்பியை மறந்தாலும் க்ரீமை மறக்க மாட்டேன்."

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "அப்ப மருந்து பத்தல. இன்னும் கடுமையான மருந்துக்குத்தான் போகணும்" என்று எழுதத் தொடங்கினார். அண்ணன் கையை நீட்டி அந்தச் சீட்டை மறைத்தார்.

"டாக்டர், அவ போட்டது நீங்க குடுத்த க்ரீம் இல்ல. நான் மாத்திட்டேன்."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தூள் மூட்டை, இருமிச் செத்தவர், கோல்டு க்ரீம், பவுடர், எல்லாவற்றையும் கொட்டினார். டீச்சரின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியமில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க பயந்தது முழுக்கத் தப்புன்னு சொல்ல முடியாது. அந்தத் தூளை வருஷக்கணக்கா மூச்சுல இழுத்தா நுரையீரல் கெடும். ஆனா க்ரீம்ல குழைச்சுப் பூசினா தோல் மேலயே நிக்கும், வெயிலை உள்ள விடாது. க்ளைக்கால் தோலோட ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். இன்னொண்ணு டப்பாவுக்குள்ள கிருமி வளராமப் பாத்துக்கும். பேர் ஒண்ணா இருக்கலாம். எங்க போடறோம், எவ்வளவு போடறோம், எப்படிப் போடறோம், அதுதான் கணக்கு. இதை அன்னைக்கே எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"வெயில் மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா வெயில் இதைக் கிளப்பி விட்டிருக்கும். உயிருக்குப் பயமில்லாமப் பாத்துக்கலாம். மைதானம் மட்டும் இனிமே வேண்டாம்."

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். டீச்சர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"க்ரீமே இல்லன்னா நான் வீட்டுக்குள்ளயே இருந்திருப்பேங்க. இருக்குங்கற தைரியத்துலதான் அவ்வளவு வெயில்ல நின்னேன்."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடி, திட்டு, என்ன வேணா செய் டீச்சரம்மா."

"அடிச்சு என்ன ஆகப்போகுது? நாளைக்குக் காலையில மைதானத்துக்குப் போங்க. பிள்ளைங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். நான் ஏன் வரலன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் போனார். இத்தனை வருஷத்தில் அந்த மைதானத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார். அத்தனை முகங்களையும் பார்த்ததும் பொய் வரவில்லை.

"டீச்சர் இனிமே மைதானத்துக்கு வர மாட்டாங்கம்மா. வெயில் படாமக் காப்பாத்தற க்ரீமை ஒருத்தர் தூக்கி எறிஞ்சுட்டு, டீச்சருக்குத் தெரியாம வேற க்ரீமை வெச்சுட்டாரு. அந்த ஆள் நான்தான்."

பெரிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்வரிசையில் இருந்த குட்டிப் பெண் மட்டும் அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க டீச்சருக்கு யாரு?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.