கரும்பு ஊரில் மாராள்

சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் எறையூர்க் காற்றே பாகு வாசனை அடிக்கும். கொடியில் காயும் துணியிலும் சோற்றுத் தட்டிலும்கூட அந்த இனிப்பு வந்து உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், கரும்பு வெட்டுகிறவரின் மகளான எனக்கு வைத்த பெயர் மாராள்.

ஒன்பது வயதுவரை அதன் பொருள் எனக்குத் தெரியாது. ஓய்வுநாள் பள்ளிக்குப் புதிதாக வந்த உபதேசியார் ஒருநாள் வேதாகமத்திலிருந்து நகோமியின் கதையைச் சொன்னார். எபிரெய மொழியில் நகோமி என்றால் இனிமையானவள். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்து ஊர் திரும்பியவள், இனி அந்தப் பெயர் வேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள் என்றாளாம். மாராள் என்றால் கசப்பு. சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார், வகுப்பே பார்த்தது. மறுநாள் முதல் தெருவில் எனக்கு "வேப்பெண்ணெ" என்று பெயர். வேதத்தில் எத்தனையோ நல்ல பெயர்கள் இருக்க, ஒரு கிழவி அழுதுகொண்டே வைத்துக்கொண்ட பெயரா எனக்குக் கிடைக்க வேண்டும்? பெயரை மாற்றும்வரை சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினேன். மூன்று வேளை தள்ளினேன். அப்போது எனக்குப் பிடிவாதம் அதிகம், இப்போதும் குறைவில்லை.

அப்பா வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மாதான் சொன்னாள்: "ஒனக்கு முன்னாடி ஒருத்தி பொறந்தாடி. ஆசையா நகோமின்னு பேரு வச்சோம். ஆறு மாசங்கூட தங்கல."

முதல் பிள்ளை தவறிவிட்டால் அடுத்ததற்குக் குப்பம்மா, பிச்சை என்று மட்டமான பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவு விட்டுவிட்டுப் போகுமாம். எங்கள் தெருவிலேயே இரண்டு குப்பம்மாக்கள் இருந்தார்கள். என் ஞானஸ்நானத்துக்கு அப்பா கொடுத்த பெயரும் குப்பம்மாதான். வேதப் பெயர்தான் வேண்டும் என்று போதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட, ஒரு வாரம் தவணை கேட்டு, எழுத்துக்கூட்டி வேதத்தைப் புரட்டி, செத்த மகளின் பெயர் இருந்த அதே பக்கத்தில் அப்பா கண்டுபிடித்த கசப்பு நான்.

"குப்பம்மான்னு வைக்க வுடல. நான் வேற என்னா பண்ணுவேன்?" என்றார் அப்பா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் தட்டை இழுத்துச் சாப்பிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் இன்று இல்லை. மட்டமான பெயர் வைக்கும் வழக்கமும் போய்விட்டது. இப்போது பெயர்களைப் போனில் தேடுகிறார்கள். போன மாதம் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் என் மகளுக்குப் பெண் பிறந்தது. "நகோமின்னு ஒரு பேரு பாத்தம்மா, அழகா இருக்குல்ல?" என்றாள். அக்காவைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. பயந்தேன், மறைப்பானேன். ஆனாலும் "வையிடி" என்றேன்.

கோயிலுக்கும் ஊருக்கும் அவள் நகோமிதான். யாரும் பக்கத்தில் இல்லாதபோது நான் மட்டும் அவளைக் குப்பம்மா என்று கூப்பிடுகிறேன்.