எந்நேரமும் எங்கேஜ்

என் வைத்தியத்துக்காக நானும் தங்கையும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்திருந்தபோது சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் இருவரின் கணவர்மாரும் அங்கே. நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், ஒரு வாடகை அறையில்.

யாழ்ப்பாணத்துக்கு போன் லைன் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் வந்தால் மத்தியானம் அறுந்துவிடும். நாட்கணக்காகச் செத்துக் கிடந்துவிட்டு, நாம் குளிக்கப் போன நேரம் உயிர் வரும். அந்த நேரத்தைத் தவறவிடாமல் இருக்க ஓயாமல் அடித்துப் பார்ப்பதுதான் வழி என்று முடிவு செய்தேன். சோறு வடிக்கும்போதும் ஒரு கையில் போன் இருக்கும்.

தங்கை அப்படியில்லை. காலையில் தேத்தண்ணீர் குடித்ததும் ஒருதரம் அடிப்பாள், பின்னேரம் ஒருதரம். கிடைக்காவிட்டால் மீன் வாங்கப் போய்விடுவாள். ஆனால் அவளுக்குத்தான் போன் கோல் வரும். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பின்னலைச் சுருட்டிச் சுருட்டி அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்குப் பற்றி எரியும். அவளுடைய மனுசன் தேடிக் கோல் எடுக்கிறார், என்னுடையவருக்கு அந்த நினைப்பே இல்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அவளுடைய போன் அடித்தது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

"அக்கா, உங்களுக்கு. அத்தான் யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுக்கு வந்து எடுக்கிறார்."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"உம்மட போனுக்கு என்ன? எப்ப அடிச்சாலும் எங்கேஜ். அப்பிடி ஆரோட கதைக்கிறீர்?"

குரலில் கோபம் மட்டும் இல்லை. என் நெஞ்சில் கிடந்து எரிந்ததுதான் அங்கேயும் எரிந்திருக்கிறது.

"உங்களுக்குத்தான் அடிச்சுக்கொண்டு இருந்தனான்," என்றேன்.

அவர் குரலைத் தணித்து, "நானும் லைன் வந்த உடன விடாமல் அடிக்கிறனான்," என்றார்.

லைன் அறுவதற்குள் பேசி முடித்தோம். இனி அவர்தான் எடுப்பது. நான் பின்னேரம் ஒருதரம் மட்டும்.

முதல் இரண்டு நாளும் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, கை பரபரக்க உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மணி அடித்தது. அதற்குப் பிறகு லைன் இருக்கும் நாட்களில் அவர் எடுத்தார். சுகம் விசாரித்தார், மருந்தைப் பற்றிக் கேட்டார், வைத்துவிட்டார்.

தங்கைக்கு மட்டும் எப்படித்தான் சிரிக்க அவ்வளவு கதை இருந்ததோ!