அலாவுதீன் மச்சானின் ஆளில்லாத கார்கள்

என் மச்சான் அலாவுதீன் சேர்த்து வைத்திருந்த பந்தயக் கார்களில் ஒன்றில்கூட ஓட்டுகிறவன் கிடையாது. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கார்கள், இங்கிலாந்திலிருந்து வருபவை. பெட்டியைப் பிரிக்கும்போது ஆள் உட்கார்ந்துதான் இருப்பான். வெள்ளைத் தொப்பி, ரோஸ் நிற மூஞ்சி, ஸ்டீயரிங்கைப் பிடித்த இரண்டு கை. மச்சான் பிஸ்மில்லா சொல்லிக் கடையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இடுக்கியை எடுத்து அவனைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். அதற்கப்புறம்தான் பெயின்ட் வேலை தொடங்கும்.

மலாக்காவில், காஜா பேராங் சாலையில் எங்கள் கடை. பின்பாதியில் மச்சான் கைக்கடிகாரம் பழுது பார்ப்பார். முன்பாதியில் நான் பேனாவும் மையும் விற்பேன். மாடியில் வீடு, அதன் மூலையில் தொழுகைப் பாய். மச்சானைக் கட்டியவள் என் லாத்தா, கூடப் பிறந்த அக்கா நஜ்முன்னிசா. பேனா வாங்க நான் சிங்கப்பூர் போகும்போதெல்லாம் ‘கார் பார்த்தா விடாதே யூசுப்’ என்று மச்சான் சொல்லி அனுப்புவார். ‘எனக்குச் சக்களத்தி வாங்கிட்டு வர என் தம்பியே போறான்’ என்று லாத்தா மாடிப்படியில் நின்று கத்துவாள். நானும் வாங்கி வந்து கொடுத்துத் தொலைப்பேன்.

அந்தக் கார்கள் வெறும் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் ஒரே ஒருத்தனுடைய கார்கள். அவன் பெயர் கணபதி.

எங்கள் கடைக்குப் பின்னால்தான் மலாக்காச் செட்டிகள் குடியிருந்தார்கள். வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. எங்களுக்கெல்லாம் பல தலைமுறைக்கு முன்பே வந்து இந்த மண்ணோடு கலந்துபோன தமிழர்கள். கும்பிடும் சாமி நம் ஊர்ச் சாமி, வீட்டில் பேசுவது மலாய். கணபதி அவர்களில் ஒருவன். ஒரு ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் மெக்கானிக்காக இருந்தான். துரைக்குப் பந்தயக் கிறுக்கு உண்டு, ஆனால் நெஞ்சில் தைரியம் கிடையாது. ஒருநாள் கணபதியை ஓட்டச் சொன்னார். அவன் ஜெயித்துவிட்டு வந்தான். அதிலிருந்து காஜா பேராங்குக்கே அவன்தான் ராஜா.

ரிப்பேருக்கு ஒரு ஸ்டாப்வாட்ச்சைக் கொண்டுவந்துதான் அவன் எங்கள் கடைக்குள் நுழைந்தான். மச்சான் அதைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, ‘என்ன கார், என்ன கலர், என்ன நம்பர்?’ என்று வரிசையாகக் கேட்டார். அடுத்த வாரமே கண்ணாடி அலமாரியில் ஒரு பச்சைக் கார் நின்றது. கடிகார முகத்தில் எண் எழுதும் ஒற்றை முடித் தூரிகையால் அதன் வயிற்றில் நம்பர் எழுதியிருந்தார். கணபதி குனிந்து பார்த்து, பிறகு நிமிர்ந்து மச்சானைப் பார்த்து, மறுபடி குனிந்தான். தான் ஓட்டிய காரை வேறு ஒருத்தர் இவ்வளவு ஆசையாகச் செய்வார் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை.

பச்சைக்குப் பிறகு ஒரு சீன முதலாளியின் நீலக் கார், அதற்குப் பிறகு வேறு ஒருவருடைய வெள்ளைக் கார். அவன் எதை ஓட்டினாலும் மச்சான் அதைச் செய்துவிடுவார். நீலக் காரை அவன் ஒருமுறை மரத்தில் உரசியபோது, மச்சானும் தன் நீலக் காரைச் சின்னச் சுத்தியலால் தட்டி நசுக்கி, ‘இவ்வளவு நசுங்கினா போதுமா?’ என்று அவனையே கேட்டார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா அன்று பாடாங் திடல் ஊர்வலத்தில் கணபதி துரையின் பச்சைக் காரில் கொடி கட்டிப் போனான். மச்சான் குண்டூசியில் ஒட்டிய காகிதத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு அலமாரிக் காரிலும் கொடி ஏற்றினார். பந்தயத்துக்கு மட்டும் அவர் ஒருநாளும் போனதில்லை. போனால் பயத்தில் செத்துவிடுவேன் என்பார்.

கணபதிக்கு ஒரே ஒரு குறை.

‘எல்லாக் காரும் இருக்கு, அபாங். நான் எங்கே?’ அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது மலாயில்தான், நான் தமிழில் சொல்கிறேன். அண்ணன் என்பதற்கு அவன் சொன்ன மலாய்ச் சொல் அபாங்.

‘உருவம் இருக்கிற வீட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க’ என்றார் மச்சான். வானவர்கள் வராத வீட்டில் தொழுது என்ன பயன் என்பது அவர் கவலை.

‘ஏன், அவங்க கார்ப் பந்தயம் பார்க்கமாட்டாங்களா?’

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆளை உட்கார வைக்கவில்லை. எனக்கு அப்போதே எரிச்சலாக இருக்கும். பள்ளிவாசல் நாலு எட்டில் இருக்கிறது. அங்கே தொழவைக்கும் லெபையிடம் போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? சின்ன வயதில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கேட்பதற்கே பயப்பட்ட மனிதர் அவர். பயந்த மனிதர் என்றால் கெட்ட மனிதர் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மெர்டேக்கா முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறினார். போகும்போது தன் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய காரைக் கணபதிக்கே கொடுத்துவிட்டுப் போனார். கணபதி அதைப் பிரித்து, துடைத்து, பூட்டி, தன் கையாலேயே சிவப்புப் பெயின்ட் அடித்தான். பெயின்ட் காயும் முன்பே எங்கள் கடைக்கு ஓடி வந்தான்.

‘அபாங், இதுவரைக்கும் ஓட்டினதெல்லாம் மத்தவங்க கார். அதுல என்னை உட்கார வைக்காட்டி போகட்டும். இது என்னுது. இதுல மட்டும் என்னை வை.’

அந்த முறை மச்சான் இடுக்கியை எடுக்கவில்லை. கடிகார வேலைக்கான பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ரோஸ் மூஞ்சிக்காரனை நாள் கணக்கில் மாற்றினார். கறுப்பு நிறம் வந்தது. மெல்லிய மீசை வந்தது. மேலே தூக்கிவிட்ட கண்ணாடி வந்தது. பந்தயத்துக்கு முன்னால் கணபதி அம்மா கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொள்வான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்றும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது கணபதியேதான். லாத்தாகூட மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்து, ‘அட, பையன் அப்படியே இருக்கானே’ என்றாள்.

கணபதி பார்த்தான். ‘அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்’ என்று சொல்லிப் போய்விட்டான்.

அவன் அம்மா பூங்காவனம் உடனே வரவில்லை. அவர்கள் வீட்டில் போகிக்கு முன்னோர் படையல் வேலை நடந்துகொண்டிருந்தது. முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

அதற்குள் மச்சானுக்குத் தூக்கம் போய்விட்டது. வெறும் பொம்மையாக இருந்தவரைக்கும் ஒரு மாதிரி. இப்போது நெற்றியில் திருநீறோடு ஒரு உருவம் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேல் மாடியில் அவர் தொழுகிறார். ‘தொழும்போது அவன்தான் கண்ணு முன்னால வர்றான் யூசுப்’ என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தொழப் போவதற்கு முன், கடிகாரத்து முள்ளை எடுப்பதுபோல மெதுவாகக் கணபதியைக் காரிலிருந்து எடுத்தார். கைக்குட்டையில் சுற்றி, ஆற்றுப் பாலத்தில் நின்று போட்டுவிட்டு வந்தார். வீட்டுக் குப்பையில் போட மனசு வரவில்லையாம். அந்தக் கணக்கு எனக்கு இன்றும் புரியவில்லை.

எடுத்துவிட்டதைக் கணபதியிடம் சொல்லிவிடுவேன் என்றுதான் என்னிடம் சொன்னார். மறுநாளே கணபதி வந்தான். ஜொகூர்ப் பக்கம் பந்தயம், சிவப்புக் காருக்கு அதுதான் முதல் பந்தயம். ஸ்டாப்வாட்ச்சுக்கு ஒருமுறை சாவி கொடுத்துப் பார்க்கச் சொன்னான். அலமாரியில் சிவப்புக் காரின் மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது.

‘என்ன அபாங், எனக்குக் குளிருதுன்னு போர்த்திவிட்டீங்களா?’

‘பெயின்ட் இன்னும் காயலை’ என்றார் மச்சான்.

‘சரி, ஜெயிச்சிட்டு வந்து பார்த்துக்கிறேன்.’

அவன் வரவில்லை. வளைவில் கார் புரண்டு தீப்பிடித்துக்கொண்டது. கவிழ்ந்த காருக்குள் சிக்கி, அவனால் வெளியே வர முடியவில்லை. சவப்பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்தார்கள், திறக்காமலே காரியம் நடந்தது. பூங்காவனம் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டுக் கதறியதை அந்தத் தெருவே கேட்டது. யாரும் காட்டவில்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லவும் யாருக்கும் நாக்கு எழவில்லை. அவன் முகம் தெரிகிற ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது, சட்டைப் பையோடு அதுவும் எரிந்துபோய்விட்டது. பத்திரிகையில் வந்த படங்களில் தொப்பியும் கண்ணாடியும்தான் தெரிந்தன.

மச்சான் பிறகுதான் லெபையிடம் போனார். எல்லாம் முடிந்த பிறகு. விரல் நகம் அளவுள்ள விளையாட்டுப் பொம்மைக்கா இவ்வளவு பயந்தீர், வந்து கேட்டிருக்கலாமே என்றார் லெபை. அவர் சொன்ன விதத்தில் குற்றமே இல்லை, ஆதரவாகத்தான் சொன்னார். மச்சான் அன்று சோறு தொடவில்லை. ‘கேட்கிறதுக்கு என்னடா வந்தது எனக்கு?’ என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு காலையில் பூங்காவனம் கடைக்கு வந்தாள். வெள்ளைக் கெபாயாச் சட்டை, பழைய பாத்தேக் கைலி, காலில் செருப்பில்லை. முகம் வற்றிப்போயிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

‘தான் இங்க உட்கார்ந்திருக்கேன்னு என் மகன் சொன்னான்’ என்றாள். ‘நெத்தியில திருநீறுகூட இருக்காமே. போகி முடிஞ்சு வந்து பார்க்கிறேன்னேன். பார்க்க வந்திருக்கேன்.’

மச்சான் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை. ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கோ அவரை உலுக்கவும் தோன்றியது, தூக்கிக்கொண்டு ஓடிவிடவும் தோன்றியது.

அவள் தானே அலமாரிப் பக்கம் போனாள். பச்சைக் காரைப் பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள், வெள்ளையைப் பார்த்தாள். எல்லாம் காலி. கடைசியில் சிவப்புக் காரின் மேலிருந்த துண்டை எடுத்தாள்.

‘எங்கே?’

‘நான்தான் எடுத்துட்டேன், மக்சிக்’ என்றார் மச்சான். அந்த ஊரில் அம்மா வயதுக்காரிகளை அப்படித்தான் அழைப்போம். மலக்குமாரைச் சொன்னார், திருநீற்றைச் சொன்னார், ஆற்றைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. ‘உங்க பையன்கிட்டச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரலை. பெயின்ட் காயலைன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன்.’

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் சிவப்புக் காரைக் கையில் எடுத்து, அந்தக் குட்டி இருக்கைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினாள். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அதைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

அன்றே மச்சான் என்னைச் சிங்கப்பூருக்கு விரட்டினார். அதே மாதிரிக் கார் ஒன்றை வாங்கி வந்தேன். அதிலிருந்த ஆளைப் பிடுங்கி, கறுப்பாக்கி, மீசை வைத்து, கண்ணாடியை மேலே தூக்கி, நெற்றியில் திருநீறும் தீட்டினார். முன்பைவிட நன்றாகவே வந்தது. தொழுகை நேரத்துக்கு எழுந்து போவார், வந்து உட்கார்ந்து மறுபடி தூரிகையைப் பிடிப்பார். இந்தத் தடவை அவருக்குப் பயமே இல்லை. அதை நினைத்துத்தான் எனக்கு வயிற்றெரிச்சல். இந்தத் தைரியம் ஒரு மாதம் முன்னால் எங்கே போயிருந்தது?

அந்த ஆளை மட்டும் பஞ்சில் வைத்து, கடிகாரப் பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு நானும் அவரும் பூங்காவனம் வீட்டுக்குப் போனோம். சாமி மாடத்தில் விளக்குப் பக்கத்தில் சிவப்புக் கார் நின்றது, முன்னால் ஒரு பூ. மச்சான் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது. மகனைத்தான் பார்த்தாள், எனக்கு நன்றாகத் தெரியும். விரலைக்கூட நீட்டினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மாடத்தில் இருந்த காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடி மச்சான் கையிலேயே வைத்தாள்.

‘வேணாம்பா. அன்னைக்கு உன் கடையில அந்தக் காரு காலியா இருந்ததைப் பார்த்தேன். என் பிள்ளை இறங்கிட்டான்னு தோணுச்சு. நெஜத்துல இறங்க முடியலை, இதுலயாவது இறங்கிட்டான். அவனை மறுபடி அதுக்குள்ள உட்கார வைக்காதே.’

மச்சான் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆற்றில் போட அவரால் முடியவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. மாடியில், தொழுகைப் பாய்க்கு எதிரே இருந்த மேசை இழுப்பறையில் வைத்தார். மௌத்தாகிக் கண்மூடும்வரை தினமும் ஐந்து வேளையும் அதற்கு முன்னால் நின்றுதான் தொழுதார்.